ஒன்பதாவது முதலாளி

கண்டி
12.11.2006

அன்புள்ள கமலாசனி,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ஆசிரியை திருகோணமலை போய், படையினரிடம் பயணப் பாஸ் எடுத்து, கப்பலேறி உங்கள் ஊர் வந்துசேர எத்தனை நாளாகுமோ, அவருக்கே தெரியவில்லை. தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள். தொலைபேசியில் பேசினால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் இனி நம் கம்பனி விவகாரமெல்லாம் கப்பலில்தான்.

அம்மாவைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று ஓகஸ்டில் போனீர்கள். உங்களுக்குப் பின்னால் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். நீங்கள் எழுதிவைத்த விதிகளும் நானும் இங்கே தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

வேலை இருக்கிறது. கடைகளுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் பில் போடுகிற நம் மென்பொருளைக் கடுகண்ணாவையில் மூன்று கடைக்காரர் வாங்கியிருக்கிறார்கள், கண்டியில் இன்னும் பதினொருவர் கேட்கிறார்கள். எழுதத்தான் ஆளில்லை. உங்களையும் சேர்த்து எட்டுப் பேர் எதற்குக் காணும்? போன வாரம் பேராதனையில் நோட்டீஸ் ஒட்டி ஐந்து பேரைக் கூப்பிட்டேன். ஐந்து பேரும் முதலில் கேட்டது சம்பளம் எவ்வளவு என்று. இங்கே சம்பளம் கிடையாது, எழுதுகிறவர்களே சொந்தக்காரர்கள், வருகிற இலாபத்தில் எல்லோருக்கும் பங்கு என்றேன். ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். இன்னொருவர், "இது அந்தப் பிரமிட் பிஸ்னஸ் இல்லையே?" என்று மரியாதையாகக் கேட்டார். நம் ஷிராஸ் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தான். போதாக்குறைக்குக் கம்பனிக்குப் 'பங்காளர்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பங்காளி என்றாலே ஊரில் வேலிச் சண்டைதான் ஞாபகம் வருகிறது.

ஹந்தானைக்குப் போய் அப்பாவிடமும் சொல்லிப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் நாற்பது வருடம் பெயர் இருந்தவர் அவர். "பேரு போடாத எடத்துல வேல செய்றியா? நாளைக்கு எவனாச்சும் நீ யாருன்னு கேட்டா என்னத்தடா காட்டுவ?" என்றார்.

அங்கே யாராவது இருந்தால் பாருங்கள்.

இராமகிருஷ்ணன்


கொக்குவில்
10.12.2006

அன்புள்ள ராமகிருஷ்ணன்,

நீர் ஆள் சேர்க்கிற விதமே பிழை. சம்பளம் இல்லை என்று தொடங்கினால் எவர் இருப்பார்? "உங்களுக்கு மேலே இங்கே ஒருவருமில்லை" என்று தொடங்கும். என் அப்பா முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் லிகிதர். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் யாராவது ஒருவர் முன்னால் கைகட்டி நின்றவர். அந்த நிற்பு எனக்கு வேண்டாம், நம்மில் எவருக்கும் வேண்டாம் என்றுதான் அந்த விதிகளை எழுதினேன். பதவி இல்லை, நியமனக் கடிதம் இல்லை, எல்லாம் வாக்கெடுத்து முடிவு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் கையால் பெயரும் முகவரியும் எழுதி முதலாளி என்று கையெழுத்து வைக்கிற புத்தகம் ஒன்றே போதும்.

ஆள் கிடைத்துவிட்டார். பெயர் தேவராசா. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி. இருபத்தைந்து வயது. கணினி வகுப்பு நடத்தியவர், ஊரடங்கில் வகுப்பு மூடப்பட்டுவிட்டது. தாய் லீலாதேவி மாமி, தமையன் யோகேந்திரன் தபால் கந்தோரில் வேலை, அவருக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். எல்லோரும் ஒரே வீடு. நம் பில்லில் சிங்கள எழுத்து உடைந்து உடைந்து அச்சாகிறதே, உமக்கு மூன்று மாதமாகப் பிடிபடாததை இவர் மின்சாரம் வந்த நான்கு மணித்தியாலத்தில் திருத்திவிட்டார். சிங்களம் ஒரு எழுத்துத் தெரியாது.

"அக்கா, நானும் முதலாளி எண்டால் எனக்கு மேல ஆர்?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்லை."

"கீழ?"

"அதுவும் இல்லை."

நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் ஒருவர் அப்படிச் சிரித்துப் பார்த்துக் கனகாலம். கண்டிக்கு வரச் சம்மதம். பாஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கமலாசனி


கண்டி
14.01.2007

அன்புள்ள கமலாசனி,

தேவராசா வரட்டும், சந்தோஷம். ஆனால் அவர் வருமுன் ஒரு விஷயத்தைக் கோபப்படாமல் வாசியுங்கள்.

இங்கே நிலைமை மாறிவிட்டது. லொட்ஜில் தங்குகிற வடக்கு ஆட்கள் பொலிஸில் பதிய வேண்டும். விடியப்புறம் வந்து தட்டுகிறார்கள். என்னத்துக்குக் கண்டிக்கு வந்தாய், எங்கே வேலை, நியமனக் கடிதத்தைக் காட்டு என்கிறார்கள். அது இருந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறார்கள். போன கிழமை ஒரு புடவைக்கடைப் பையனைக் கூட்டிக்கொண்டு போய், முதலாளி கடிதம் கொண்டுவந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

நாமும் ஆளுக்கொரு நியமனக் கடிதம், படம் ஒட்டிய அட்டை கொடுத்துவிடுவோம். வெறும் தாள்தானே. விதியை மாற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று நீங்களே எழுதிவைத்தீர்கள். இங்கே ஏழு பேரும் சம்மதம். எட்டாவது நீங்கள்.

இராமகிருஷ்ணன்


கொக்குவில்
18.02.2007

ராமகிருஷ்ணன்,

இந்தக் கடிதத்தைத் தேவராசாவே கொண்டுவருகிறார்.

என் வாக்கு: வேண்டாம். நியமனக் கடிதம் என்றால் நியமிக்கிறவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்து உம்முடையதாக இருக்கும். இன்றைக்கு வெறும் தாள் என்பீர். இரண்டு வருடத்தில் நீர் கதிரையில் இருப்பீர், அவர்கள் நிற்பார்கள். நல்லவர்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கேட்டால் உறுப்பினர் புத்தகத்தைக் காட்டும். கம்பனி முறைப்படி பதிந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை.

மாமி கப்பலடிக்கு வரமாட்டாவாம். "நீ சொன்னபடியாத்தான் விடுறன் பிள்ளை," என்று மட்டும் சொன்னா. கவனமாகப் பார்த்துக்கொள்ளும்.

கமலாசனி


கண்டி
25.03.2007

அன்புள்ள கமலாசனி,

ஆள் சுகமாக வந்துசேர்ந்தார். வந்த அன்றே புத்தகத்தில் ஒன்பதாவதாகக் கையெழுத்து வைத்தார். கையெழுத்தைவிட முதலாளி என்ற சொல் பெரிதாக இருக்கிறது. குட்ஸ்செட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட லொட்ஜில் அறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பொலிஸில் பதிந்தாயிற்று. கடுகண்ணாவைக் கடைக்காரர்கள் இப்போது இவரைத்தான் கேட்கிறார்கள். கையும் சிரிப்பும் வைத்தே சிங்களம் பேசிவிடுகிறார். உறைப்பான கட்டச் சம்பலை இரண்டு கையாலும் வாரிப் போட்டுக்கொண்டு, உங்கள் ஊர்க் கறித்தூள் பற்றி எங்களுக்குப் பிரசங்கம் வேறு.

இவரைப் பார்த்து இன்னும் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. நியமனக் கடிதப் பேச்சை இனி எடுக்கமாட்டேன்.

இராமகிருஷ்ணன்


கண்டி
09.05.2007

கமலாசனி,

ஏப்ரல் 28 காலையில் தேவராசாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இதுவரை விடவில்லை. தொலைபேசியில் உங்களிடம் "உடம்பு சரியில்லை" என்று நான் சொன்னது இதைத்தான்.

லொட்ஜ் முழுவதும் சோதனை. ஆறு தமிழர் இருந்தார்கள், ஐந்து பேரிடம் வேலைக் கடிதம் இருந்தது. இவரிடம் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். "மம முதலாளி", நான் முதலாளி, என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். பக்கத்து அறைக்காரர் சொல்கிறார், பொலிஸ்காரர்கள் முதலில் சிரித்தார்களாம். எந்தக் கடை முதலாளி? கடை இல்லை. யார் சம்பளம் தருகிறது? யாரும் தருவதில்லை. பிறகு எப்படிச் சாப்பிடுகிறாய், யார் அனுப்பியது, இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்தில் ஒருவர், வவுனியாவில் ஒருவர், ஹட்டனில் இருவர் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லை என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். பிறகு எவரும் சிரிக்கவில்லையாம்.

மதியத்துக்குள் ஒரு கடிதம் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். மேற்படி தேவராசா எமது நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் எழுதுவினைஞர், இப்படிக்கு உரிமையாளர் இராமகிருஷ்ணன். பெப்ரவரித் திகதி போட்டேன். அதிகாரி வாசித்துவிட்டு, லாச்சியைத் திறந்து நம் உறுப்பினர் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் போவதற்கு முன்பே நம் கம்பனி அறைக்குப் போய் எடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தை விரித்து, "இவன் முதலாளியா, வேலைக்காரனா?" என்று கேட்டார். இரண்டில் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடுகிற இடத்தில் நின்றேன். பொய்க் கடிதம் கொடுத்ததற்கு என்னையும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். சட்டத்தரணி ருக்கியா வந்துதான் எடுத்தார்.

மாமியிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது.

இராமகிருஷ்ணன்


கொக்குவில்
06.06.2007

ராமகிருஷ்ணன்,

அவரைச் சம்பளக்காரன் என்று எழுத உமக்கு எப்படி மனம் வந்தது? உண்மையைச் சொல்லியிருந்தால் விசாரித்துவிட்டு விட்டிருப்பார்கள். பொய்யை எழுதிக் கொடுத்து அவர் சொன்ன உண்மையையும் பொய்யாக்கிவிட்டீர்.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். கிழித்துப்போட எடுத்தேன், பிறகு கிழிக்கவில்லை. நீர் அதையும் வாசிக்கத்தான் வேண்டும், நான் எப்படிப்பட்டவள் என்று தெரிய.

ஜனவரியில் நீர் கேட்டபோது சம்மதித்திருந்தால் அவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பார். ஏழு பேர் சொன்னதை நான் ஒருத்தி தடுத்தேன். அப்பா கைகட்டி நின்றதற்கு நான் பழிவாங்கினேன், தண்டனை அனுபவிக்கிறது இரண்டு வீடு தள்ளி இருக்கிற மாமியின் பிள்ளை. மாமி தினமும் வருகிறா. ஒன்றும் கேட்பதில்லை. வாசல்படியில் இருந்துவிட்டுப் போகிறா. ஏசினால்கூடத் தாங்கலாம்.

கமலாசனி


கண்டி
21.10.2007

அன்புள்ள கமலாசனி,

ஷிராஸ் போன மாதம் விலகினான். உம்மா அழுததாகச் சொன்னான். ஹட்டன்காரர் இருவரும் ஓகஸ்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வவுனியாக்காரரை வீடு தேடிப் போய் விசாரித்திருக்கிறார்கள், அவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. புத்தகத்தில் தன் கையால் முகவரி எழுதிய எவரும் இப்போது அந்த முகவரியில் படுப்பதில்லை. மற்ற நால்வரும் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். மீதி நீங்கள், நான், தேவராசா.

கடைக்காரர்கள் மென்பொருளைத் திருப்பித் தருகிறார்கள். அறையைக் காலி செய்துவிட்டேன். அலுமாரியை மட்டும் கீழ்வீட்டில் வைத்திருக்கிறேன்.

வழக்குப் போட்டுச் சிறைக்கு மாற்றியபின் இரண்டு தடவை பார்க்க விட்டார்கள். மெலிந்துவிட்டார். இடது காது கேட்கவில்லை, வலது பக்கம் வந்து பேசச் சொன்னார். எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் தடவை, காவலர் கேட்கும்படி, "சேர், நீங்கள் என்ர முதலாளி, நான் உங்கட ஒப்பீசில தேத்தண்ணி ஊத்துறனான்," என்றார். எனக்காக, என் கடிதத்தை உண்மையாக்குவதற்காகச் சொன்னார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு மகியாவைச் சந்தி வரை நடந்தே போனேன், பஸ்ஸில் ஏறி ஒருவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இராமகிருஷ்ணன்


கொக்குவில்
18.11.2007

ராமகிருஷ்ணன்,

எங்கள் வீட்டுத் தொலைபேசி செத்துக் கிடக்கிறது, கைத்தொலைபேசியும் இல்லை. இனி இந்தக் கப்பல்தான்.

உறுப்பினர் மூவர் என்று எழுதியிருந்தீர். என்னையும் விலகச் சொல்வீரோ என்று பயந்து வாசித்தேன். நான் விலகமாட்டேன். அவர் உள்ளே இருக்கும்வரை நான் வெளியேறமுடியாது. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

கமலாசனி


கண்டி
09.01.2008

அன்புள்ள கமலாசனி,

இதை மிகவும் கவனமாக வாசித்து உடனே பதில் அனுப்புங்கள்.

பெப்ரவரி 27 வழக்கு. இயக்கம்தான் தன்னைக் கண்டிக்கு அனுப்பியது என்று ஒப்புக்கொண்டால் ஒரு வருடம், கூடினால் ஒன்றரை வருடத்தில் வெளியே வரலாம் என்று ருக்கியா சொல்கிறார். ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு இழுபடும், ஐந்து வருடமா பத்து வருடமா என்று அவருக்கே தெரியாது. செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே இருக்கிற நிலையில் பத்து வருடம் தாங்கமாட்டார், நான் பார்த்தவன் சொல்கிறேன்.

தேவராசாவிடம் சொன்னேன். "விதிப்படி செய்யுங்கோ," என்றார். "மூண்டு பேர் இருக்கிறம். நீங்களும் அக்காவும் வாக்குப் போடுங்கோ. ரெண்டு பேரும் ஓம் எண்டால் நான் ஒப்புக்கொள்ளுறன். அக்கா சொல்லட்டும், அவதான் வீட்டு நிலைமை தெரிஞ்சவ."

அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் நம் விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

என் வாக்கு: ஒப்புக்கொள்ளட்டும். உங்கள் வாக்கை எழுதுங்கள்.

இராமகிருஷ்ணன்


கொக்குவில்
03.02.2008

ராமகிருஷ்ணன்,

உமது கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. திருகோணமலைக்குப் போகிற ஒருவர் நாளை கப்பலேறுகிறார், அவரிடம் கொடுக்கிறேன். இருபத்தேழாம் திகதிக்கு முன் வந்துவிடும்.

என் வாக்கு: வேண்டாம். ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல்லும்.

மறுபடியும் இவள் வேண்டாம் என்கிறாளே என்று நினைக்கவேண்டாம். இந்தத் தடவை கொள்கையும் இல்லை, மண்ணும் இல்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இரண்டு வீடுகளில் நடந்துவிட்டது. கொழும்பில் பிடிபட்ட பிள்ளை நீதிமன்றத்தில் ஆமென்று சொன்னது. பத்து நாளில் இங்கே தகப்பனை மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் கூப்பிட்டுச் சுட்டார்கள். மற்ற வீட்டில் தமையன். யார் என்று எவரும் கேட்பதில்லை, செத்தவீட்டுக்கும் ஆட்கள் போகவில்லை. ஆமென்று சொன்னவுடன் இங்கே அந்த வீட்டுக்கு இயக்க வீடு என்று பெயர் விழுந்துவிடுகிறது. தேவராசா வீட்டில் யோகேந்திரன் இருக்கிறார். தினமும் அதே நேரத்துக்கு, அதே சைக்கிளில் தபால் கந்தோருக்குப் போய்வருகிறவர். அவரைத் தேடவேண்டிய அவசியமே இல்லை.

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நாளுக்குப் பிறகு அப்போதுதான் வாய் திறந்தா. "சின்னவன் எத்தினை வரியம் எண்டாலும் இருக்கட்டும். உயிரோட இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியும். மூத்தவனை நான் என்னெண்டு காப்பாத்துவன்? அந்தச் சொல்லை மட்டும் சொல்ல வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை." ஒரு தாய் ஒரு பிள்ளையைச் சிறையில் இருக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா. நான் சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டேன்.

யோகேந்திரனை மன்னாருக்கு அனுப்பப் பாஸ் கேட்டிருக்கிறோம். கிடைத்தால் உடனே எழுதுகிறேன். அதற்குப் பிறகு வேண்டுமானால் அவர் எதையும் ஒப்புக்கொள்ளட்டும். அதுவரை வேண்டாம்.

கமலாசனி


கண்டி
08.02.2008

அன்புள்ள கமலாசனி,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை, இதை வாசிக்கும்போது கோபப்படாதீர்கள்.

வழக்கைத் திடீரென்று முன்னுக்கு எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் திகதி மாலைதான் ருக்கியாவுக்கே தெரியும், ஆறாம் திகதி காலை நீதிமன்றம். தள்ளிப்போடக் கேட்டால் அடுத்த தவணை எப்போது வருமென்று சொல்லமுடியாது, இந்தச் சலுகையும் இருக்காது என்றார். கூண்டில் ஏற்றுமுன் தேவராசாவிடம் இரண்டு நிமிடம் பேச விட்டார்கள். வலது பக்கமாகப் போய் நின்றேன்.

"அக்கான்ர வாக்கு வந்திட்டுதோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

வந்துவிட்டது என்றேன். அக்காவும் ஓம் என்றுதான் எழுதியிருக்கிறா என்றேன்.

"வீட்டைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறா, அம்மாவும் இதைத்தான் விரும்புகிறாவாம் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. நேரே ஏறிப்போய் நீதவான் கேட்டதற்கெல்லாம் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டார். ஒரு வருடம் புனர்வாழ்வு. சிங்களப் பேப்பர்களில் பெயர், ஊரோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பற்றி மனம் விடவேண்டாம்.

பொய் சொன்னேன்தான். போன தடவை நான் சொன்ன பொய் அவரை உள்ளே வைத்தது, இந்தத் தடவை ஒரு பொய் வெளியே கொண்டுவருகிறது. உங்களைத் தெரியாதவனா நான்? அவர் உயிரோடு வரவேண்டும் என்பதைத் தவிர உங்கள் வாக்கு வேறென்னவாக இருக்க முடியும்?

உங்கள் தொலைபேசி இன்னும் வேலை செய்யவில்லை போலிருக்கிறது. அதனால் யோகேந்திரனின் தபால் கந்தோருக்கு நேற்று எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. நாளைக்குத் திரும்ப எடுக்கிறேன். இந்தக் கடிதம் முந்தி வந்தால் நீங்களே போய் மாமியிடம் சொல்லுங்கள். ஒரு வருடம்தான் என்று சொல்லுங்கள்.

இராமகிருஷ்ணன்